கூரியரில் வந்த காடைகள்

மருதனார்மடம் சந்தைக்கு றஜனி வந்தால் கத்தரிக்காய் விற்கிறவர்களுக்கு முகம் விழுந்துவிடும். ஒரு காயை எடுப்பாள், காம்பைத் திருப்பிப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் குவியலில் திரும்ப வைப்பாள். விலை கூட என்று சண்டை பிடிக்கிற பெண்களோடு வியாபாரிகள் சிரித்துக் கதைப்பார்கள். றஜனியோடு அப்படிக் கதைக்க வழியில்லை. ஒரு பார்வையிலேயே காயும் கெட்டது, விற்கிறவனும் கெட்டவன், அவனுக்கு விதை கொடுத்தவனும் கெட்டவன் என்றாகிவிடும். பிறகு அதே குவியலில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள்.

அறுபதுக்குக் கிட்ட வந்துவிட்ட இந்த மனுசிக்கு உலகத்தில் பிடித்தது என்று ஏதாவது உண்டா என்று அயலட்டையில் கேட்டால், யோசித்துத்தான் சொல்வார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு ஓடியபோது, சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அவளுக்கும் கணவருக்கும் தங்கள் விறாந்தையில் பாய் போட இடம் கொடுத்தது. மாதக்கணக்கில் அந்த வீட்டில் சாப்பிட்டாள். திரும்பி வந்ததும் அவள் முதலில் சொன்ன புதினம், அந்த வீட்டுக்காரிக்குப் புட்டுக்கு மாக் குழைக்கத் தெரியாது என்பதுதான். கனடாவிலிருந்து வருகிறவர்கள் கொடுக்கும் சொக்கிளேற்றை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் படலையைத் தாண்டமுதல் சவர்க்காரம் மாதிரிக் கிடக்கு என்பாள். பக்கத்து வீட்டு இராசநாயகத்தார் மதிலுக்கு ஊதா நிறம் அடித்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து யன்னலை அவள் திறக்கவில்லை.

கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர். மாரடைப்பில் அவர் போன அன்று, ஆசுப்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு நாளாவது மருந்துக் குளிசையை நேரத்துக்குப் போட்ட மனிசனோ உது என்று கேட்டாள். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அப்படியில்லை. பயம் வந்தாலும் துக்கம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவளுக்கு வெளியே வருவது இளக்காரமாகத்தான் வந்தது. வேறு மாதிரிக் கதைக்க அவள் பழகவில்லை, பழகவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

ஒரே மகள் கஜந்தினி. பல்கலைக்கழகம் முடித்து, பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்த அன்று றஜனி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினாள். பிறகு டொக்டரோ எஞ்சினியரோ என்று தரகரை வீட்டுக்கும் றோட்டுக்கும் நடக்க வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கஜந்தினியின் போன் கீழே விழுந்து கண்ணாடி வெடித்தது. திருநெல்வேலியில் ஒரு கடையில் கொடுத்துத் திருத்தினாள். திருத்திக் கொடுத்தவன் அச்சுவேலிப் பெடியன், பெயர் கோபிசங்கர். போன் திருத்தப் போனவள் புருசனையும் வாங்கிக்கொண்டு வந்திட்டாள் என்று றஜனி சொன்னது இணுவில் வரைக்கும் போனது. ஒரு வருடம் அழுது, கத்தி, பட்டினி கிடந்து பார்த்தாள். மகள் அவளுடைய மகள்தானே, அசையவில்லை.

ஊர் வழக்கப்படி வீடும் வளவும் கஜந்தினிக்குச் சீதனமாக எழுதப்பட்டன. எழுதிய நிமிடத்திலிருந்து அது மகளின் வீடு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பதிலும் புதினம் ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் றஜனி கையெழுத்தைக் கொடுத்தாளே தவிர வீட்டைக் கொடுக்கவில்லை. எந்தக் கதவு எப்போது பூட்டப்படவேண்டும், எந்த வாளியில் யார் குளிக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுடைய சட்டம். மருமகன் குளித்துவிட்டு வந்தால் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரக் கட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

அவன் வேலை செய்த போன் கடையை முதலாளி மூடிவிட்டு வெளிநாடு போனது றஜனிக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம். அதுவரை அவனைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் ஊகம். இப்போது கையில் ஆதாரம் இருந்தது. பெண்சாதி காலையில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போக, படலையைச் சாத்திவிட்டு உள்ளே வருகிற ஆம்பிளை. வீட்டில் இருந்தபடி ஒன்றிரண்டு போன் திருத்தினான். பிறகு காளான் வளர்த்தான். வைக்கோல் அடைத்த பைகள் ஒரு மாதம் அறை முழுக்கத் தொங்கின, காளானைவிட ஈ கூட வந்தது. பிறகு அலங்கார மீன். தொட்டி கட்டி, தண்ணீருக்கு மருந்தும் விட்டான், வந்து இரண்டு கிழமையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அன்று றஜனி மத்தியானச் சாப்பாட்டு மேசையில், பொரிக்கவும் உதவாத மீன் வளர்த்த ஆளை இந்த ஒழுங்கையில் இப்பத்தான் காணுகிறேன் என்று சொன்னாள். கோபிசங்கர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனான். அவன் எழும்பிப் போவதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். திருப்பிக் கத்துகிறவனோடு ஒரு மரியாதையான சண்டை பிடிக்கலாம்.

திருப்பிக் கத்தியது மகள்.

“அம்மா, இனி ஒருக்கா அவரைப் பற்றி வாய் திறந்தீங்களெண்டால் நான் வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்டு எழுதிப்போட்டுப் போயிடுவன். அங்கை குவாட்டர்ஸ் கிடக்கு. நீங்கள் இஞ்சை உங்கடை வாளியளோடை இருங்கோ.”

மகள் சொன்னால் செய்வாள் என்பது றஜனிக்குத் தெரியும். பட்டினி கிடந்த அந்த வருடத்தில் அதை நன்றாகப் படித்திருந்தாள். அன்றைக்குப் படுக்கப் போகும்போது, நாலு அறையிலும் விளக்கு அணைந்து தான் மட்டும் இந்த வீட்டில் இருப்பதை ஒருதரம் நினைத்துப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து வாயைக் கட்டினாள்.

வாயைக் கட்டினால் உள்ளே இருப்பது எங்கே போகும்? சட்டி பானையில் போனது, கதவைச் சாத்துகிற சாத்தலில் போனது, மிச்சம் ஆட்டுக்குப் போனது. பின்வளவில் கட்டியிருந்த ஆட்டுக்குக் குழை போடும்போது, சாப்பிடு சாப்பிடு, நீயாவது குட்டி போடுறாய், உழைக்கிறாய், சும்மா கிடக்கிறாய் இல்லை என்று உரத்த குரலில் சொல்வாள். ஆட்டுக்கு விளங்கவேண்டிய அளவைவிடச் சத்தம் கொஞ்சம் கூட. மகள் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி விட்டாள், ஆட்டோடு கதைக்கக்கூடாது என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

இந்த நிலையில்தான் காடை வந்தது. முகப்புத்தகத்தில் குருநாகல் பக்கத்து ஆள் ஒருவர் கருக்கட்டிய காடை முட்டை விற்கிறாராம், ஓடர் போட்டால் கூரியரில் அனுப்புவாராம், வீட்டில் பெட்டி வைத்துப் பொரிக்க வைக்கலாமாம். கோபிசங்கர் இதை மகளுக்கு விளங்கப்படுத்துவதை றஜனி குசினிக்குள் இருந்து கேட்டாள். யாழ்ப்பாணத்தில் கோழி இல்லையா, கோழிக்கு முட்டை இல்லையா, முட்டைக்கு அடை இல்லையா? சிங்கள ஊரிலிருந்து லொறியில் குலுங்கிக் குலுங்கி வருகிற முட்டைக்குள் குஞ்சு இருக்குமாம், அதை மின்சார பல்பு பொரிக்குமாம். அன்று ஆட்டுக்கு நீண்ட நேரம் குழை போட்டாள்.

பெட்டியை அவன் தானே செய்தான். மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு மீன் கொண்டுவருகிற வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றை அச்சுவேலிச் சந்தையில் வாங்கி, வெயிலில் நாள்கணக்காகக் காயவிட்டு, உள்ளே ஒரு பல்பும் பழைய கொம்பியூட்டர் காற்றாடியும் சூட்டை அளந்து பல்பை அணைக்கிற ஒரு சின்னச் சாமானும் பூட்டினான். மூடியில் கண்ணாடி பதித்தான். ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கரண்ட் போனால் கொழுவ மோட்டார் சைக்கிள் பற்றறி. விறாந்தையில் மழையடிக்கும், பின்னால் எலி என்று, பெட்டியை நடு அறையில், சுவாமி அறைக்கு மற்றப் பக்கச் சுவரோரம் வைத்தான். மீன் நாற்றம் போய்விட்டது என்று கஜந்தினி மணந்து பார்த்துச் சொன்னாள். றஜனிக்குப் போகவில்லை. செவ்வாய், வெள்ளி தவிர்ந்த நாளெல்லாம் ஒட்டி மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத மூக்கு அது.

முட்டை வந்தது. மரத்தூளுக்குள் ஒவ்வொன்றாகத் தாள் சுற்றிப் புதைத்து, கட்டைவிரல் அளவில், புள்ளியும் தெறியலுமாக. இரண்டு மூன்று மட்டும் வெடித்திருந்தன. கோபிசங்கர் உடனே பெட்டிக்குள் வைக்கவில்லை, வழியில் குலுங்கியது அடங்கவேண்டும் என்று கூர்நுனி கீழே இருக்க ஒரு நாள் ஆறவிட்டான். பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டான். காலை, மத்தியானம், இரவு என்று பிரட்டவேண்டுமாம், எந்தப் பக்கம் என்று தெரியவேண்டுமாம். செய்கிற ஒவ்வொன்றையும் பெண்சாதிக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தான். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன, அதால்தான் குஞ்சு மூச்சுவிடுகிறது, ஓட்டின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது, அது கிருமியை விடாது, அதனால் முட்டையைக் கழுவவே கூடாது, தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். குசினி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த றஜனி இந்தப் பாடத்தை முழுக்கக் கேட்டாள். ஒரு சொல்லும் தவறவில்லை.

ஒரு கிழமை போக, பின்னேரம் அறை யன்னலைச் சாத்திவிட்டு, போன் வெளிச்சத்தை ஒரு முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தார்கள். புள்ளி விழுந்த ஓடு எளிதில் காட்டாது. வெளிர் முட்டை ஒன்றில் தெரிந்தது. கஜந்தினி கூப்பிட்டாள், அம்மா ஓடி வாங்கோ என்று, சின்னப் பிள்ளையில் கூப்பிட்ட மாதிரி. றஜனி ஓடிப் போகவில்லை, நடந்துதான் போனாள். முட்டைக்குள் சிவப்பாக நூல் நூலாக நரம்பு. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அசைகிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அசைந்தது.

“ம்” என்றாள் றஜனி.

அவளுக்கு வந்தது கோபம் என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா? மகளும் அவனும் தலையோடு தலை முட்ட அந்தப் பெட்டிக்கு மேல் குனிந்துகொண்டிருந்தார்கள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்வளவில், வெங்காயம் போட்ட துண்டில், கொட்டில் ஒன்று போடலாம் என்று அவன் சொல்ல, மகள் ஓம் ஓம் என்றாள். அது றஜனியின் கணவர் வெங்காயம் போட்ட துண்டு. ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. இந்த முறை உவனுக்குச் சரிவந்துவிட்டால், தான் இவ்வளவு காலமும் சொன்னதெல்லாம் என்ன ஆவது? ஒன்றுக்கும் உதவாத மருமகன் என்பதுதான் இந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே அதிகாரம்.

ஐப்பசி பிறந்து கந்தசஷ்டி வந்தது. றஜனி ஆறு நாளும் பிடிக்கிறவள், பகலில் தண்ணீர், பின்னேரம் பூசை முடிய ஒரு பழம், ஒரு மிடறு பால். விரதம் தொடங்கமுதல் வீடு முழுக்கக் கழுவி, மீன் சமைக்கிற மச்சச் சட்டிகளைக் கட்டிப் பின்னால் கொட்டிலில் போடுவது வழக்கம். நடு அறையில் ஒரு பெட்டி முட்டையைக் கோபிசங்கர் நாள் பார்க்காமல் வைத்துவிட்டான். இதைவிட அவனைப் பற்றிச் சொல்ல வேறு என்ன வேண்டும்? சுவாமி அறைச் சுவரோடு சாத்தி, சஷ்டியில், மீன் பெட்டிக்குள் முட்டை. மகளிடம் மெதுவாக எடுத்துச் சொன்னாள். கஜந்தினி அவனிடம் கேட்டாள். இந்த நேரத்தில் பெட்டியைத் தூக்கினால் குலுங்கும், வெளியில் குளிர் காற்று, இன்னும் ஒரு கிழமையில் பொரித்துவிடும் என்று அவன் சொன்னான். பிறகு கஜந்தினி வந்து, அது கறிக்கு வைத்த முட்டை இல்லை அம்மா, உயிர், முருகன் கோபிக்கமாட்டார் என்றாள். முருகன் சார்பில் மகள் கதைக்கத் தொடங்கியதும் றஜனி பேச்சை நிறுத்தினாள்.

வீடு கழுவிய அன்று கஜந்தினி வேலைக்குப் போயிருந்தாள். கோபிசங்கர் யாருக்கோ திருத்திய போனைக் கொடுக்கத் திருநெல்வேலிக்குப் போனான். றஜனி நிலம் கழுவினாள், யன்னல் துடைத்தாள், வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கொரோனா காலத்தில் படலைக்கு வந்த சாமான் எல்லாவற்றையும், வாழைப்பழச் சீப்பிலிருந்து சவர்க்காரப் பெட்டி வரை, மஞ்சள் தண்ணீரில் முக்கித்தான் உள்ளே எடுத்தவள் அவள். தீட்டுத் துடக்கென்றாலும் கிருமியென்றாலும் அவளுக்கு மருந்து ஒன்றுதான். வாளியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் மிச்சம் இருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முக்கி, சேலைத் தலைப்பால் நன்றாகத் துடைத்து, திரும்ப வரிசையாக அடுக்கினாள். ஊர் பேர் தெரியாத கைபட்டு வந்தவை, சுத்தம் செய்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த வெளிர் முட்டை கைக்கு வந்தபோது ஒரு கணம் நின்றாள். பிறகு அதையும் முக்கினாள். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர், நல்ல குளிர்.

கோபிசங்கர் வந்ததும் வழக்கம்போலப் பிரட்டப் போனான். றஜனி சுவாமி அறையில் விளக்குத் திரி உருட்டிக்கொண்டு காதை அங்கே வைத்திருந்தாள். கத்துவான் என்று எதிர்பார்த்தாள், அதற்கு என்ன சொல்வது என்று ஆயத்தமாகவும் இருந்தாள். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். அவன் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, பென்சிலை எடுத்து, முட்டைகளில் வட்டமும் புள்ளடியும் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

றஜனிக்குச் சிரிப்பு வந்தது. பெட்டிக்குள் பல்பு வெளிச்சம் மஞ்சள், அதற்குள் மஞ்சள் பூசிய முட்டை என்ன, பூசாத முட்டை என்ன. பென்சில் தேய்ந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கீறுகிறான் மடையன். இதுகூடக் கண்ணில் படாத ஆள் பண்ணை போடப்போகிறான். இவ்வளவு படித்த பிள்ளை, எங்கே போய்க் கண்ணை வைத்தாள்! அவன் மேல் அவள் வைத்திருந்த மதிப்பு எப்போதும் மண்ணோடு மண்தான். அன்றைக்கு அது மண்ணுக்கும் கீழே போனது. பயம் தெளிந்து, நிம்மதியாகக் கோயிலுக்கு வெளிக்கிட்டாள்.

ஆறு நாளும் அவள் விரதம் பிடித்தாள், முதல் மூன்று நாளும் அவன் முட்டை பிரட்டினான். கடைசி மூன்று நாள் மூடியைத் திறக்கக்கூடாது என்று சொல்லிக் கிண்ணத்துக்கு நிறையத் தண்ணீர் விட்டு மூடினான். சூரன்போர் அன்று ஊரெல்லாம் கோயில் வீதியில் நின்றது. சூரன் தலை மாற்றி மாற்றி வர, றஜனி சனத்துக்குள் நெருக்குப்பட்டுக் கும்பிட்டாள். இந்த முறை சூரன் ஆட்டுகிறவர்களுக்கு ஆட்டவே தெரியவில்லை என்று பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். மறுநாள் கோயிலில் பாறணை முடித்து வீட்டுக்கு வந்தபோது பெட்டியடியில் கஜந்தினி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். காடைக் குஞ்சு வெளியே வரமுதல் ஓட்டுக்குள் இருந்தே கீச்சிடும் என்று அவன் சொல்லியிருந்தான்.

கீச்சிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம், வழியில் குளிர்பட்டால் சிலவேளை பிந்தும் என்று அவன் சொன்னான். சொல்லும்போது கண்ணாடியைப் பார்த்தானே தவிர ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கஜந்தினி வேலைக்குப் போன இடத்திலிருந்தும் போன் எடுத்துக் கேட்டாள். றஜனி வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆட்டுக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு நிறைவு. காளான், மீன், காடை. எல்லாம் அவள் சொன்னபடியே.

சனிக்கிழமை காலை கோபிசங்கர் பெட்டியின் கரண்டைப் பிடுங்கினான். கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய், முட்டைகளைப் புதைக்க வாழைக்கு அடியில் கிடங்கு வெட்டினான். கஜந்தினிக்கு லீவு. அழுத முகத்தோடு பக்கத்தில் நின்றாள். றஜனி கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து பால் சட்டி மினுக்கிக்கொண்டிருந்தாள். மழை விட்டு நல்ல வெயில் எறித்தது. கஜந்தினி குனிந்து ஒரு முட்டையை எடுத்தாள், வெளிர் முட்டை அது. கையில் வைத்துத் திருப்பினாள்.

“இதென்ன மஞ்சள்?”

கஜந்தினி இன்னொன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். எல்லாவற்றிலும் மஞ்சள். பென்சில் கோடு மட்டும் அந்த மஞ்சளுக்கு மேலே புதிதாகக் கிடந்தது. முகத்தில் அழுகை நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து கிணற்றுக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா…”

றஜனியின் கை சட்டிக்குள்ளேயே நின்றது. வவுனியா என்ற ஊர் கிணற்றடிக்கே வந்து நின்றது.

“நான்தான் போட்டனான்” என்றான் கோபிசங்கர். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னான். “கிருமி தொத்தாமல் இருக்கட்டும் எண்டு மஞ்சள் தண்ணியாலை துடைச்சனான். யூடியூப்பிலை ஒராள் சொன்னவர்.”

கஜந்தினி அவனைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த முட்டையைக் கிடங்குக்குள் எறிந்தாள்.

“கழுவக்கூடாது கழுவக்கூடாதெண்டு வீடு முழுக்கப் பாடம் நடத்தினது ஆர்? மண்டைக்குள்ளை என்ன கிடக்கு உங்களுக்கு? ஒரு வேலையை உருப்படியாச் செய்யத் தெரியாது. நான் ஒருத்தி உழைச்சுக்கொண்டிருக்க நீங்கள் ஒண்டொண்டாச் சாக்காட்டிக்கொண்டு இருங்கோ.”

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். கதவு சாத்துப்பட்டது. சொற்கள் மகளுடையவை, குரல் மகளுடையது இல்லை. அந்த இழுவை, கடைசிச் சொல்லை மூக்கால் துப்புகிற விதம் எல்லாம் றஜனிக்குத் தெரிந்தவை. இவ்வளவு நாளும் அதை அவள் உள்ளே இருந்துதான் கேட்டிருந்தாள். எதிரில் நின்று கேட்க அது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று தெரியாது. வெட்கமாக இருந்தது. பிள்ளைக்குத் தான் கொடுத்த சீதனம் வீடு மட்டும் இல்லை என்று பட்டது.

ஒரு வசனம் போதும். எழும்பிப் போய், கதவைத் தட்டி, நான்தான் பிள்ளை என்றால் முடிந்தது. றஜனி எழும்பவில்லை. மினுக்கி முடிந்த சட்டியைத் திரும்பவும் எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கோபிசங்கர் முட்டைகளைக் கிடங்குக்குள் கொட்டி, மண்ணைத் தள்ளி, மண்வெட்டியின் முதுகால் தட்டி மூடினான். அவள் பக்கம் திரும்பவேயில்லை. அவன் கண்டது இன்றைக்கு இல்லை, வீடு கழுவிய அன்றே கண்டுவிட்டான். செத்த முட்டைகள் என்று தெரிந்துகொண்டே காலையும் மத்தியானமும் இரவும் பிரட்டியிருக்கிறான். அந்தச் சப்பணம் கட்டிய இருப்பும் பென்சிலும் இப்போதுதான் அவளுக்கு விளங்கின.

இரண்டு நாள் அந்த வீட்டில் புருசனும் பெண்சாதியும் கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் றஜனிக்குச் சோறு இறங்கவில்லை. விரதத்தில்கூட அவ்வளவு கஷ்டப்படவில்லை. மகள் அவனுக்கு முன்னால் கோப்பையைத் தள்ளுகிற தள்ளலைப் பார்க்கமுடியாமல் எழும்பிக் குசினிக்குள் போனாள். மூன்றாம் நாள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், எப்படி என்று தெரியாது. கஜந்தினி வேலைக்குப் போகும்போது படலையடியில் அவனோடு ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் போனாள். இடமாற்றத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

படலை சாத்துப்பட்டதும் றஜனி அடுப்பை மூட்டினாள். அவனுக்காக என்று அவள் ஒரு நாளும் தேத்தண்ணி போட்டதில்லை, போட்டதில் மிஞ்சினால் கொடுப்பாள். இன்று பால் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, கண்ணாடிக் கிளாசில் ஊற்றி எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனாள். அவன் கழுவிக் காயவைத்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, காற்றாடியின் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் நிழல் பட்டும் நிமிரவில்லை.

“மற்றக் கிழமை திரும்ப முட்டை வருகுது, மாமி. கை வைக்காதேங்கோ.”

“நான் சுத்தத்துக்காகத்தான்…” என்று தொடங்கினாள்.

“ஏன் செய்தனீங்களெண்டு எனக்குத் தெரியும்.” குரலில் கோபமே இல்லை. வயரின் முனையைப் பல்லால் கடித்துத் தோலை உரித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னான். “உங்களுக்காக நான் பொய் சொல்லேல்லை. உங்களைத் தனிய விட்டிட்டுப் போனால் கஜந்தினி ஒரு நாளும் நிம்மதியா இருக்கமாட்டா. அதுக்காகத்தான் சொன்னனான். உங்களை எண்டால், நீங்கள் இருந்தாலும் எனக்கு ஒண்டுதான், இல்லாட்டிலும் ஒண்டுதான்.”

றஜனி வாயைத் திறந்தாள். ஊரில் ஒருவருக்கும் மிச்சம் வைக்காத வாய் அது. அதைத் திரும்ப மூடிக்கொண்டாள். கிளாஸ் கையைச் சுட்டது.

அவன் திருப்புளியை எடுத்து ஆணியில் வைத்தான்.

“தேத்தண்ணியை உதிலை வைச்சிட்டுப் போங்கோ, மாமி.”

றஜனி வைத்துவிட்டுப் போனாள்.